சிக்னல் நான்கு கோடு, நெட் மட்டும் ஏன் நகரவில்லை?

கேள்வி கேட்டவர் வேலூர் காந்தி ரோடு பக்கம் கடை வைத்திருக்கிறார் போல. அவர் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒரே காற்று, ஒரே கம்பெனி சிம், என் தெருவில் மட்டும் ஆயிரம் போன் இருக்கும், ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் பேச்சோடு கலக்காமல் எப்படிப் போகிறது? கலக்காது என்றால், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நான்கு கோடு சிக்னல் காட்டியும் க்யூ.ஆர். பணம் வந்ததா இல்லையா என்று பார்க்க முடியாமல் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது? இத்தனை மலை இருக்கிற ஊரில் ஓர் உச்சியில் பெரிய டவராக ஒன்று வைத்துவிட்டால் தீராதா?

மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கைவசம் இருக்கும் அலைவரிசை எவ்வளவு, அதை யார், எந்தக் கணக்கில் பங்கு போடுகிறார்கள் என்பது. வட ஆற்காடு பக்கம் பல வருடம் ஆர்.எஃப்., அதாவது டவரின் ரேடியோ அலைகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன் நான். டிரைவ் டெஸ்ட் வண்டியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிக்னல் அளப்பது, எந்த சைட்டில், அதாவது எந்த டவர் இடத்தில், ஆன்டெனாவை எவ்வளவு சாய்ப்பது என்று முடிவு செய்வது, இதுதான் பிழைப்பு. 2ஜியில் ஆரம்பித்து 4ஜி வரை பார்த்தேன். 5ஜியில் கை வைத்தது குறைவு, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சமாகவே பேசுகிறேன்.

முதலில் சரக்கு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஒரு கம்பெனி அலைக்கற்றையை ஊர் ஊராக வாங்குவதில்லை. தமிழ்நாடு ஒரு வட்டம், ஆந்திரா ஒரு வட்டம் என்று வட்டக் கணக்கில் வாங்குகிறது. (காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை பக்கம் போனால் போன் ஆந்திரா நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். கோடு காகிதத்தில் இருக்கிறது, அலைக்கு அது தெரியாது.) ஜி.எஸ்.எம்., அதாவது 2ஜி காலத்தில் ஒரு கம்பெனிக்குத் தொடக்கத்தில் கிடைத்தது போனிலிருந்து டவருக்கு 4.4 மெகாஹெர்ட்ஸ், டவரிலிருந்து போனுக்கு இன்னொரு 4.4 மெகாஹெர்ட்ஸ். இதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள், ஒரு துண்டுக்குப் பெயர் கேரியர். ஜி.எஸ்.எம்.மில் ஒரு கேரியர் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். ஆக 22 கேரியர். ஒரு கேரியரில் எட்டுப் பேர் பேசலாம். 22ஐ எட்டால் பெருக்கினால் 176. மலை உச்சியில் ஒரே டவர் வைத்து வேலூர் முழுவதையும் மூடியிருந்தால், ஊர் மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் 176 பேர்தான் பேசியிருக்க முடியும்.

உண்மையிலேயே அப்படித்தான் உலகம் தொடங்கியது. 1946இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார் தொலைபேசி வந்தபோது ஊருக்கு ஒரு உயரமான ஆன்டெனா, கைவிரலில் எண்ணும் அளவு சேனல். முப்பது வருடம் கழித்தும் நியூயார்க் மாநகரத்துக்கே 12 சேனல்தான் இருந்தது. ஐந்நூறு சொச்சம் பேருக்கு மட்டும் இணைப்பு, மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். இதற்கான விடை 1947லேயே பெல் ஆய்வகத்தில் ரிங் என்ற பொறியாளர் எழுதிய குறிப்பில் இருந்தது. டவரின் சக்தியைக் குறை, அலை கொஞ்ச தூரத்தில் ஓய்ந்துபோகட்டும். ஓய்ந்த இடத்துக்கு அப்பால் அதே அலைவரிசையை இன்னொரு டவருக்குக் கொடு. அந்தச் சின்னச் சின்ன எல்லைகளைத்தான் செல் என்கிறோம். மொபைல் நெட்வொர்க்கின் மொத்த சாமர்த்தியமும் அலையைத் தூரமாக அனுப்புவதில் இல்லை, தேவைக்கு மேல் போகாமல் நிறுத்துவதில் இருக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வேலூருக்கே கணக்குப் போடுவோம். ஒரு டவரில் மூன்று திசைக்கு மூன்று செக்டர். பக்கத்துப் பக்கத்து செக்டர்கள் ஒரே கேரியரைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகப் பழைய முறையில் நான்கு டவரை ஒரு கூட்டமாக வைத்து, 22 கேரியரை 12 செக்டருக்குப் பிரிப்போம். தலைக்கு இரண்டு கிட்டத்தட்ட வரும். ஐந்தாவது டவரில் மறுபடி முதலிலிருந்து. இரண்டு கேரியர் என்றால் 16 இடம். அதில் இரண்டு நிர்வாக வேலைக்குப் போய்விடும், பேசுவதற்கு 14. இந்த 14ஐ வைத்து எத்தனை பேரைச் சமாளிக்கலாம் என்பதற்கு மொபைல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1917இல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் சூத்திரம் போட்டு வைத்துவிட்டார். நூறு அழைப்பில் இரண்டு தோற்றால் பரவாயில்லை, பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒருவர் சராசரி ஒன்றரை நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், 14 இடம் ஏறத்தாழ 330 பேருக்குப் போதும். மூன்று செக்டருக்கு ஆயிரம் பேர். உங்கள் தெருவின் ஆயிரம் போன் அன்றைக்கு ஒரு டவரின் முழுக் கொள்ளளவு. இது பாடப்புத்தகக் கணக்கு. நடைமுறையில் கேரியரை விநாடிக்கு இருநூறு தடவைக்கு மேல் மாற்றித் தாவவிட்டு இன்னும் நெருக்கிப் பிடித்தோம். ஆனால் அளவு புரிய இது போதும்.

ஒரு கேரியரில் எட்டுப் பேர் எப்படி? நம் பக்கம் பங்காளிகளுக்குள் பொதுக் கிணறு இருக்குமே, அந்த முறைதான். மோட்டார் ஒன்று, தண்ணீர் ஒன்று, இன்ன நேரம் இன்னாருக்கு. இங்கே ஒரு முறை 577 மைக்ரோ விநாடி. எட்டு முறை சுற்றி வர 4.6 மில்லி விநாடி. உங்கள் முறை வரும்போது போன் அதுவரை பேசியதைச் சுருக்கி ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அடுத்த சுற்று வருவதற்குள் இடைவெளி விழுந்தது காதுக்கே தெரியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அலைக்கும் பயண நேரம் இருக்கிறது. டவரடியில் இருப்பவரின் பேச்சு உடனே வந்து சேரும்; பத்து கிலோமீட்டர் தள்ளி அணைக்கட்டுப் பக்கம் வயலில் இருப்பவருடையது தாமதமாக வந்து அடுத்தவர் முறையில் போய் விழும். அதனால் டவர் தூரத்தை அளந்து, "நீ இவ்வளவு சீக்கிரமாகவே ஆரம்பி" என்று தூரத்துப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 64 படி வரைதான் அப்படிச் சொல்ல முடியும், ஒரு படி சுமார் 550 மீட்டர். அதனால் சாதாரண ஜி.எஸ்.எம். டவருக்கு எல்லை 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சிக்னல் தெரிந்தாலும் பேச முடியாது.

இடையில் சி.டி.எம்.ஏ. என்ற வேறு முறை வந்தது, 2003இல் 501 ரூபாய்த் திட்டத்தில் ரிலையன்ஸ் போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு 3ஜியும் அதே வழி. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் பேசுவார்கள். ஒவ்வொருவர் பேச்சின் மீதும் ஒரு தனிக் குறியீட்டைப் பெருக்கி அனுப்புவதால், அந்தக் குறியீடு தெரிந்த டவர் அவருடையதை மட்டும் பிரித்தெடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை, யாரும் தேவைக்கு மேல் சத்தம் போடக் கூடாது. ஒரு போன் கத்தினால் மற்றவர் அத்தனை பேரும் அமுங்கிப் போவார்கள். அதனால் 3ஜி டவர் ஒவ்வொரு போனுக்கும் விநாடிக்கு 1,500 தடவை "கூட்டு, குறை" என்று கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும். பிரமாதமான கணிதம்தான். ஆனால் டேட்டா பெருகியதும் மூச்சு வாங்கியது.

இப்போது 4ஜிக்கு வருவோம், உங்கள் கடைப் பிரச்சினை இங்கேதான். 4ஜியில் அலைவரிசையை 15 கிலோஹெர்ட்ஸ் அகல இழைகளாகக் கிழிப்பார்கள். 12 இழை சேர்ந்தது ஒரு கட்டு. 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் 100 கட்டு, 10 இருந்தால் 50. இந்தக் கட்டுகளை யாருக்குக் கொடுப்பது என்று டவர் ஒவ்வொரு மில்லி விநாடியும், அதாவது விநாடிக்கு ஆயிரம் தடவை, புதிதாக முடிவு செய்கிறது. ஜி.எஸ்.எம்.மில் அழைப்பு முடியும்வரை இடம் உங்களுடையது. 4ஜியில் எதுவுமே உங்களுடையது இல்லை. அடுத்த மில்லி விநாடியில் கிடைத்தால் உண்டு. முடிவு செய்யும் அந்த மென்பொருளை ஷெட்யூலர் என்போம். யாருக்கு சிக்னல் தெளிவாக இருக்கிறது, யார் வெகு நேரமாகக் காத்திருக்கிறார், யாருடையது குரல் அழைப்பு, இவற்றையெல்லாம் எடை போட்டுப் பங்கிடும். துல்லியமான சூத்திரம் ஒவ்வொரு உபகரணத் தயாரிப்பாளரின் வியாபார ரகசியம். நாங்கள் திருகிப் பார்க்க நாலைந்து எண்களைத்தான் வெளியே விட்டு வைத்திருப்பார்கள்.

கட்டு எத்தனை என்பது பாதிக் கதை. ஒரு கட்டில் எவ்வளவு ஏற்றலாம் என்பது மறுபாதி. டவருக்கு நேரெதிரே நிற்பவருக்கு ஒரு குறியில் (ஒரு தடவை அனுப்பும் அலைத்துடிப்பில்) 6 பிட் ஏற்றி அனுப்பலாம். லாட்ஜில் நான்கு சுவர் தாண்டி உள் அறையில் இருப்பவருக்கு 2 பிட் ஏற்றினாலே பெரிது, அதிலும் பாதி பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். அதே வீடியோ காலுக்கு அவருக்கு நான்கைந்து மடங்கு கட்டு செலவாகும். அந்தச் செலவு உங்கள் பங்கிலிருந்துதான் போகிறது. உங்கள் சிக்னல் நன்றாக இருப்பது உங்களுக்குப் போதாது. அதே செக்டரில் இருக்கும் மற்றவர்களின் சிக்னலும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா என்றால் விளம்பர வேகம் 150 மெகாபிட். ஆனால் ஊருக்குள் பலரும் பகிரும்போது, சராசரியாக 30, 40 மெகாபிட் வந்தாலே நல்ல செக்டர் என்போம். ஒரு வீடியோ காலுக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் நாற்பது பேர் பேசினால் நிரம்பிவிட்டது. இப்போது உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று தொலைவிலிருந்து வந்தவர்கள். பகலெல்லாம் ஓ.பி.யில் வரிசையில் நிற்பவர்கள் சாயங்காலம் அறைக்கு வந்ததும் வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள். எல்லாம் உள் அறையிலிருந்து. வீடியோ கால் கீழே இறங்குவது மட்டுமில்லை, போனிலிருந்து மேலே ஏறவும் வேண்டும். போனின் அதிகபட்ச சக்தி வெறும் 0.2 வாட். உங்கள் யு.பி.ஐ. தகவல் சில கிலோபைட்தான், ஆனால் அதுவும் இந்தக் கூட்டத்தின் நடுவில்தான் நிற்க வேண்டும். நேரம் கடந்தால் ஆப் கைவிட்டுவிடும்.

அப்போதும் நான்கு கோடு ஏன் தெரிகிறது? அந்தக் கோடு கூட்டத்தை அளப்பதே இல்லை. டவர் ஓயாமல் அனுப்பும் ஓர் அடையாள சிக்னலின் வலிமையைத்தான் பெரும்பாலான போன்கள் கோடாகக் காட்டுகின்றன. செக்டரில் ஒருவர் இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும் அது அதே வலிமையில் வரும். இன்னும் சொன்னால், எத்தனை கோட்டுக்கு எவ்வளவு வலிமை என்பதைக்கூட போன் தயாரிப்பவர் தன் விருப்பம் போல வைத்துக்கொள்கிறார்.

"கலக்கவே கலக்காதா" என்று கேட்டீர்கள். ஓர் இடத்தில் கலக்கும். போன் டவரிடம் முதன்முதலில் "எனக்கு ஒரு வேலை இருக்கிறது" என்று சொல்லும் தருணம். அதுவரை அந்தப் போன் காத்திருப்பதே டவருக்குத் தெரியாது, அதனால் முறை ஒதுக்கியிருக்காது. போன் தானாக நுழைந்துதான் ஆக வேண்டும். 4ஜியில் இதற்காக அவ்வப்போது ஒரு சின்ன வாசல் திறக்கும். செக்டருக்கு 64 அடையாள ஒலிகள் உண்டு, போன் அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து அனுப்பும். இரண்டு போன் ஒரே நேரத்தில் ஒரே ஒலியை எடுத்தால் மோதல். இரண்டும் ஆளுக்கொரு சீரற்ற நேரம் காத்திருந்து மறுபடி முயலும். இந்த யுக்தி 1970 வாக்கில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆப்ராம்சன் குழு தீவுகளை ரேடியோவில் இணைக்கச் செய்த அலோஹாவிலிருந்து வந்தது. அதன் கணிதம் கறாரானது: எவ்வளவு நன்றாக நடந்தாலும் நூறு வாய்ப்பில் 37க்கு மேல் உருப்படியாகப் போகாது. கூட்டம் அந்தப் புள்ளியைத் தாண்டினால் முயற்சி கூடக்கூட வெற்றி குறையும், ஏனென்றால் தோற்றவர்கள் எல்லோரும் திரும்ப வந்து முட்டுவார்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய், கௌண்டன்யா ஆற்றங்கரையில் நின்றுகொண்டு போன் போட்டவர்களுக்குத் தெரியும்: மணியும் அடிக்காது, பிஸி என்றும் வராது, சும்மா நிற்கும். பேச்சுக்கான இடம் தீர்ந்ததால் மட்டும் அப்படி ஆவதில்லை. பல நேரம் வாசலையே தாண்டியிருக்காது. அங்கே திரும்பத் திரும்ப டயல் செய்வது எல்லோருக்குமே கெடுதல். ஒரு எஸ்.எம்.எஸ். போட்டுவிட்டுப் போனைப் பையில் வைப்பது மேல், அது கொஞ்சம் இடத்திலேயே நுழைந்துவிடும்.

சரி, மலை உச்சி டவர். நல்ல உயரம், ஊர் முழுக்கத் தெரியும். அதுதான் அதன் குறையே. இன்றைய 4ஜியில் எல்லா டவரும் பெரும்பாலும் ஒரே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. உச்சியிலிருந்து வரும் அலை கீழே உள்ள ஒவ்வொரு டவரின் செல்லுக்குள்ளும் போய் விழும். போனுக்கு இரண்டும் சம வலிமையில் கேட்கும், எதுவும் தெளிவாகக் கேட்காது. கோடு நிறைய இருக்கும், வேகம் இருக்காது. எஃப்.எம். ரேடியோவுக்கு உச்சி பொருத்தம், அது எல்லோருக்கும் ஒரே பாட்டைக் கொடுப்பது. நமக்கு ஆளாளுக்கு வேறு வேண்டும். அதனால்தான் ஊருக்குள் ஆன்டெனாவை மொட்டை மாடி உயரத்தில் வைத்து, கீழ்நோக்கிச் சில டிகிரி சாய்த்தும் விடுவோம். நெரிசல் கூடினால் உயரத்தை ஏற்றாமல், நடுவில் இன்னொரு சின்ன சைட் போட்டு, பழையதை இன்னும் சாய்ப்போம்.

மரமில்லாத மலை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். எங்களுக்கு மரம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, பாறை போதும். அது அலையை அப்படியே நிறுத்திவிடும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அலைவரிசையைச் சண்டையில்லாமல் பயன்படுத்தலாம். காகிதப்பட்டறை, ஓல்டு டவுன் மாதிரி மலையடித் தெருக்களில் சில வீடுகளுக்கு நிழல் விழுந்து சிக்னல் செத்துப்போகும் என்பது இதன் மறுபக்கம். அங்கே தனியாகச் சின்ன ஆன்டெனா வைக்காமல் தீராது.

மேலே சொன்னவை உறுதியானவை. உங்கள் கடையில் நடப்பது நெரிசல்தான் என்பது என் ஊகம், வலுவான ஊகம். அந்த செக்டரில் கட்டுகள் எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தன என்ற கணக்கு கம்பெனியிடம் மட்டும் இருக்கும். அதைப் பார்க்காமல் யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு. கட்டடத்துக்குள் சிக்னல் இல்லை என்று யாராவது பூஸ்டர் வாங்கி மாட்டியிருக்கலாம். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். மட்டமான பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரின் காதில் ஊதும்; ஒரு லாட்ஜின் நல்லதுக்காக ஒரு தெருவே செவிடாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி: கடையில் அதே இடத்தில் நின்று காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சில நாள் வேகத்தை அளந்து பாருங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப் போதும். காலையில் பறந்து இரவில் படுத்தால் நெரிசல். இரண்டு வேளையும் படுத்திருந்தால், குறிப்பாக அப்லோடு மட்டும், பூஸ்டர் குறுக்கீட்டைச் சந்தேகிக்கலாம். புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்று எழுதாமல் இந்த அளவுகளையும் நேரத்தையும் எழுதுங்கள். புகாரைப் படிக்கும் இன்ஜினியருக்கு எந்த செக்டரின் கணக்கைத் திறக்க வேண்டும் என்று தெரியும்.

5ஜி வந்தால் தீருமா என்றால், ஓரளவு. 2022 ஏலத்தில் விற்ற 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரிய கம்பெனிகளிடம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. 64 ஆன்டெனாவை ஒன்றாக இயக்கி வெவ்வேறு திசைக்குத் தனித்தனிக் கற்றை அனுப்பலாம்; ஒரே நேரம், ஒரே அலைவரிசை, ஆனால் வேறு வேறு ஆளுக்கு. அகலமும் கூடியது, திசையும் பங்கானது. ஆனால் அந்த உயர் அலைவரிசை சுவரைத் தாண்டத் திணறும், உள் அறைக்காரர்கள் மறுபடி 4ஜிக்கே வந்து விழுவார்கள். கடை வாசலில் நிற்கும் உங்களுக்கு அது கிடைக்கும் என்பதால், 5ஜி போன் இருந்தால் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டாவது சிம்மை வேறு கம்பெனியாகப் போடுங்கள். அவர்களுடைய அலைக்கற்றை தனி, வரிசையும் தனி. பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தனி சிம் இருக்கும், அது எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டு, போனில் இருப்பதும் அதுவும் வேறாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஒன்று சுற்றினாலும் மற்றொன்று சொல்லிவிடும்.